பூத்தில் சுட்ட பெயிண்டா, காற்றில் உலர்ந்த பெயிண்டா: வாக்ஸ் எப்போது?

மறுபெயிண்ட் அடித்த காரைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்கும்போதே கேளுங்கள்: பூத்தில், அதாவது பெயிண்டைச் சூடேற்றி உலர்த்தும் மூடிய அறையில், சுட்டார்களா, வெறுமனே காயவிட்டார்களா? வாக்ஸ் (பெயிண்டின் மேல் பூசும் மெழுகு) போடும் நாள் இதைப் பொறுத்ததே.

பூத்தில் தகடு ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் நிற்கும். நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் உள்ள தின்னரில் (பெயிண்டை இளக்கக் கலக்கும் திரவம்) பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஆனாலும் 30 நாள் பொறுப்பது நல்லது. காற்றில் உலர்ந்ததற்கு 60 முதல் 90 நாள். மேலே தொட்டால் கல் மாதிரி இருக்கும்; அடியில் தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு வாக்ஸால் மூடினால் அது உள்ளேயே சிக்கும். பளபளப்பு மங்கும், படலம் இறுகாமல் நகம் பட்டாலே தடம் விழும்.

கழுவுவதிலும் வேறுபாடு உண்டு. சுட்டதை இரண்டொரு நாளில் வெறும் தண்ணீரால் அலசலாம். மற்றதற்கு ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு இரண்டுக்கும் ஒரே முறைதான்: நிழலில், இரண்டு வாளி (ஒன்று ஷாம்புக்கு, மற்றது துணியை அலச), காரமில்லாத கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. பிரஷ் சுழலும் வாஷ் வேண்டவே வேண்டாம்.

பறவை எச்சத்தை மட்டும் நாள் பார்க்காமல் உடனே ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள். இளம் பெயிண்டை அது வெகு சீக்கிரம் அரித்துவிடும்.

செலவு கூடினாலும் பூத்தையே தேர்ந்தெடுங்கள். கம்பெனியிலிருந்து வரும் புதுக் காருக்கு இந்தக் காத்திருப்பே தேவையில்லை. அங்கே சூடு 140 டிகிரியை ஒட்டிப் போகும்.