பேஸ்காரரைப் பிடித்துக்கொண்டு ஜாஸ் கேட்பது: சில ஆண்டு அனுபவம்

ஜாஸில் அடுத்து எந்த ஆல்பம் கேட்கலாம் என்று யாராவது கேட்டால், அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்பேன். முன்பக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் பெரிதாக இருக்கும். பின்னால் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் உங்கள் காதுக்குப் பிடித்தவர் யார் என்று பார்த்து, அவர் வேறு எதிலெல்லாம் வாசித்திருக்கிறார் என்று தேடிப் போனால் போதும். பல ஆண்டுகளாக நான் இப்படித்தான் கேட்டு வருகிறேன். ‘கட்டாயம் கேட்க வேண்டிய நூறு’ வகைப் பட்டியல்களைவிட இந்த வழி எனக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. எங்கே கைவிட்டது என்பதையும் சொல்கிறேன்.

நான் பிடித்துக்கொண்ட ஆள் பால் சேம்பர்ஸ். டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து விரலால் மீட்டும், அடிக்குரல் தந்தி வாத்தியம்) வாசித்தவர். 1935-இல் பிறந்து 1969 ஜனவரியில், 33 வயதிலேயே இறந்துபோனார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் நியூயார்க் வட்டாரத்தில் பதிவான நல்ல ஆல்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால், அதில் அவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தொடக்கம் எல்லோரையும் போல டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’தான். 1959-இல் வெளியானது. முதல் பாட்டான ‘சோ வாட்’டில் மெட்டைச் சொல்வது டிரம்பெட் இல்லை, பேஸ். மற்றவர்கள் இரண்டே சுரத்தில் அதற்குப் பதில் சொல்கிறார்கள். அப்புறம் மைல்ஸ் சோலோவுக்குள் (தனி ஆவர்த்தனத்துக்குள்) நுழையும் இடத்தில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோன். பியானோ பில் எவன்ஸ் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள், ஆனால் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி. அந்த நேரத்தில் குழுவின் பியானோக்காரர் உண்மையில் கெல்லிதான். விலகிப்போயிருந்த எவன்ஸை இந்தப் பதிவுக்காக மைல்ஸ் திரும்ப அழைத்திருந்தார். பெயர்களைப் பார்க்காமல் கேட்டாலும் அந்த ஒரு பாட்டில் பியானோ கொஞ்சம் குதித்து நடப்பது தெரியும்.

இந்த ஆல்பத்தை வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். முதல் நாள் பதிவில் டேப் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது, இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று பாட்டுகளும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொஞ்சம் வேகம் கூடி, சுருதி ஏறித்தான் விற்பனையாயின. 1992 மறுபதிப்பில்தான் சரி செய்தார்கள். இப்போது கிடைக்கும் பதிப்புகளில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. பழைய தட்டு கையில் இருந்தால், கூடவே கருவியை வைத்து வாசித்துப் பார்க்கும்போது பிடிபடும். சும்மா கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சேம்பர்ஸைப் பின்தொடர்ந்து போனதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஆர்ட் பெப்பரின் இரண்டு ஆல்பங்கள். பெப்பர் அமெரிக்காவின் மேற்குக் கரைக்காரர், ஆல்டோ சாக்ஸபோன். 1957 ஜனவரியில் மைல்ஸ் குழுவின் பக்கவாத்தியக்காரர்கள் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தபோது, அவர்களை அப்படியே எடுத்துக்கொண்டு ‘ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்’ பதிவானது: பியானோ ரெட் கார்லண்ட், பேஸ் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். மூன்று ஆண்டு கழித்து, 1960-இல், ‘கெட்டின் டுகெதர்’ ஆல்பத்துக்கு அதே உத்தி. அதற்குள் மைல்ஸின் குழு மாறியிருந்தது. பியானோவில் கெல்லி, டிரம்ஸில் ஜிம்மி காப். பேஸ் மட்டும் அதே ஆள்.

பக்கவாத்தியம் மாறினால் என்ன மாறும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முன்னால் நிற்பவர் அவரேதான், பேஸும் அவரேதான், மற்ற இருவர்தான் வேறு. ஃபில்லி ஜோ சும்மா இருக்க மாட்டார். பெப்பர் ஒரு வரியை முடிப்பதற்குள் ஸ்னேர் டிரம்மில் ஒரு குத்து, தாளத்தின் நான்காவது அடியில் டிரம் விளிம்பில் ஒரு ‘டக்’ என்று இடையிடையே பேசிக்கொண்டே இருப்பார். காப் அப்படி இல்லை. சிம்பலை ஒரே சீராக ஓட்டிக்கொண்டு போவார், குறுக்கே வரவே மாட்டார். முதல் ஆல்பத்தில் பெப்பர் பதற்றமாக, கூர்மையாக வாசிக்கிறார். இரண்டாவதில் சாவகாசமாக இருக்கிறார். எனக்குப் பிடித்தது பதற்றம்தான். ஆனால் இரவில் கேட்க எடுப்பது இரண்டாவதை.

அதே கார்லண்ட், சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ கூட்டணியை மைல்ஸோடும் கோல்ட்ரேனோடும் கேட்க வேண்டுமென்றால் ‘குக்கின்’, ‘ரிலாக்ஸின்’, ‘வொர்க்கின்’, ‘ஸ்டீமின்’ என்று நான்கு ஆல்பங்கள் இருக்கின்றன. மைல்ஸுக்குப் பழைய இசைத்தட்டு நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துவிட 1956-இல் இரண்டே நாள்களில் வாசித்துத் தள்ளியவை. வெளியீடு மட்டும் 1961 வரை இழுத்தது. ஒன்று போதுமென்றால் ‘ரிலாக்ஸின்’ வாங்குங்கள். பாட்டுகளுக்கு நடுவே ஸ்டூடியோவில் அவர்கள் பேசுவதும் அதில் இருக்கிறது.

சேம்பர்ஸ் வாசித்த கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1957-இல் பதிவானபோது டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு வயது 19 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் வாசித்த இன்னொன்று, பியானோக்காரர் சோனி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’, அதைவிட அதிக முறை என் ஸ்பீக்கரில் ஓடியிருக்கிறது. நடக்கும் வேகத்தில் ஒரு ப்ளூஸ், அவசரமே இல்லை.

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ வேறு கதை. கோல்ட்ரேனின் இந்த ஆல்பம் மதிக்க வேண்டியது, சந்தேகமில்லை. ஆனால் தலைப்புப் பாட்டை நான் அடிக்கடி போடுவதில்லை. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) அவ்வளவு வேகமாக மாறுகின்றன. டாமி ஃபிளானகன் மாதிரி ஒரு தேர்ந்த பியானோக்காரரே தன் சோலோவில் தடுமாறி, கடைசியில் வெறும் கார்டுகளை மட்டும் வைத்து ஒப்பேற்றுவது பதிவிலேயே இருக்கிறது. அதன் அடியில் சேம்பர்ஸின் பேஸ் ஒரு இடத்தில்கூட நிற்காமல் அடிக்கு ஒரு சுரமாக நடக்கிறது. அதே தட்டில் ‘மிஸ்டர் பி.சி.’ என்று ஒரு பாட்டு, அந்த பி.சி. இவர்தான். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் இரண்டாவது பதிவு நாள் ஏப்ரல் 22, சேம்பர்ஸின் 24-ஆவது பிறந்தநாள். அதிலிருந்து இரண்டு வாரத்தில் கோல்ட்ரேன் இந்தப் பாட்டைப் பதிவு செய்துவிட்டார்.

இனி குறைகள். சேம்பர்ஸ் விரலை விட்டு, வயலினுக்குப் போல வில்லை எடுத்தால் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ‘பேஸ் ஆன் டாப்’ அவர் பெயரிலேயே வந்த ஆல்பம். அதில் ‘யெஸ்டர்டேஸ்’ பாட்டை வில்லில் வாசிக்கிறார். பலர் புகழ்கிறார்கள். எத்தனை முறை கேட்டும் அந்தக் கரகரப்பு எனக்கு ஒட்டவில்லை.

இரண்டாவது குறை, இந்த முறையின் குறை. ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டால் ஒரே காலத்தில் மாட்டிக்கொள்வோம். எனக்கு எல்லாமே ஹார்ட் பாப்பாகவே (ஐம்பதுகளில் ஓங்கியிருந்த, ப்ளூஸ் வாசம் தூக்கலான ஜாஸ் பாணி) போய்க்கொண்டிருந்தது. வெளியே வர வழி காட்டியதும் சேம்பர்ஸ் வாசித்த ஆல்பம்தான்: ஆலிவர் நெல்சனின் ‘த ப்ளூஸ் அண்ட் த ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’, 1961. பியானோ பில் எவன்ஸ், டிரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ், டிரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், சாக்ஸபோனும் புல்லாங்குழலும் எரிக் டால்ஃபி. என் சேகரிப்பில் சலிக்காத ஒன்று எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். நெல்சனின் இசையமைப்பு அளந்து வைத்ததுபோல் இருக்கும். நடுவில் டால்ஃபி புகுந்து எல்லாவற்றையும் கோணலாக்குவார். அங்கிருந்து டால்ஃபியையும் ஹப்பர்டையும் பின்தொடர்ந்தால் 1964-இன் ‘அவுட் டு லன்ச்’. அதில் டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ், 18 வயது. அந்த ஆண்டு ஜூன் மாதம் டால்ஃபி பெர்லினில் இறந்துவிட்டார், தட்டு வெளியானதைப் பார்க்கவில்லை. ஹப்பர்டும் வில்லியம்ஸும் மறுபடி சேர்ந்து நிற்பது ஹெர்பி ஹான்காக்கின் ‘மெய்டன் வாயேஜ்’, 1965. அதில் பேஸ் ரான் கார்ட்டர், மைல்ஸ் குழுவில் சேம்பர்ஸின் இடத்துக்கு வந்தவர். வட்டம் பெரிதாகிவிட்டது.

மூன்றாவது, நடைமுறைச் சிக்கல். ஸ்ட்ரீமிங் செயலிகளில் யார் எதை வாசித்தார் என்பது பல ஆல்பங்களுக்கு இருப்பதே இல்லை, இருந்தாலும் நாலு தட்டு தட்டித் தேட வேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். சிடியின் உள்தாள் இந்த ஒரு விஷயத்துக்காகவே காசுக்குத் தகும். இன்னொன்று: மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் காதில் விழாது. சுமாரான ஹெட்போன் போதும், ஆனால் அது வேண்டும்.

பேஸ் வேண்டாம், டிரம்ஸ்தான் பிடிக்கும் என்பவர்கள் எல்வின் ஜோன்ஸிலிருந்து தொடங்கலாம். முதலில் வெய்ன் ஷார்ட்டரின் ‘ஸ்பீக் நோ ஈவில்’, அப்புறம் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’. இரண்டும் 1964 டிசம்பரில், பதினைந்து நாள் இடைவெளியில், ரூடி வான் கெல்டரின் நியூ ஜெர்சி ஸ்டூடியோவில் பதிவானவை. ஷார்ட்டரோடு அடங்கி வாசிப்பவர் கோல்ட்ரேனோடு எப்படி ஆகிறார் என்று நீங்களே பாருங்கள்.