குளம்புக் கோளாறை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் யார்: பராமரிப்பவரா, லாடம் அடிப்பவரா, மருத்துவரா?

ஒரு குதிரையின் குளம்பை மூன்று பேர் கையில் எடுக்கிறார்கள். தினமும் தீனி போட்டுத் தேய்த்துவிடும் பராமரிப்பாளர், சுமார் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வரும் லாடம் அடிப்பவர், கூப்பிட்டால் வரும் கால்நடை மருத்துவர். இவர் பார்த்திருப்பார் என்று அவரும், அவர் பார்த்திருப்பார் என்று இவரும் இருந்துவிடும் லாயத்தில்தான் கோளாறு முற்றுகிறது.

குளம்பைப் படிக்கும் திறனில் லாடம் அடிப்பவரே முதல் ஆள். அடியைச் சீவும்போது வெள்ளைக்கோடு (குளம்புச் சுவரும் அடிப்பாகமும் சேரும் கோடு) அகன்றோ ரத்தக்கறையோடோ இருந்தால், லாமினைடிஸ், அதாவது குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் திசுவின் அழற்சி, வந்துபோனதை அவர் சொல்லிவிடுவார். ஆனால் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். இன்று தரையைத் தொடும் இடத்தில் தெரியும் கறை பல வாரங்களுக்கு முன்பே உள்ளே விழுந்தது. அவர் பார்ப்பது பழைய சேதி.

குளம்புக்குள் வரும் சீழ்க்கட்டி அப்படிக் காத்திருக்காது. நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலை ஊன்றவே மறுக்கும். அதனால் முதல் பொறுப்பு பராமரிப்பாளருடையது என்பதே எங்கள் தீர்ப்பு. நான்கு காலையும் தினமும் தூக்கி, கொக்கியால் குதிப் பக்கத்திலிருந்து நுனி நோக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அடியிலுள்ள முக்கோண மெத்தையின் இருபக்கப் பள்ளங்களிலும் நடுப்பிளவிலும் கறுத்த, நாறும் கசிவு இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. பிறகு குளம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சூட்டை எதிர்க்காலோடு ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற குதிரையிடம் இந்தச் சோதனை ஏமாற்றும். அதைவிட நம்பத்தக்கது நாடி. குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறம், இரு ஓரங்களிலும் விரலை லேசாக வைத்தால் ஆரோக்கியமான காலில் துடிப்பு மெல்லத்தான் தட்டுப்படும். ஒரு காலில் மட்டும் ஓங்கி அடித்தால் சீழ்க்கட்டியையோ, லாடம் அடித்துச் சில நாளே ஆகியிருந்தால் ஆணி உள்சதையை நெருக்குவதையோ சந்தேகிக்கலாம். முன்னங்கால் இரண்டிலும் நாடி ஓங்கி அடித்து, குதிரை எடையைப் பின்னுக்குத் தள்ளி நின்றால் லாமினைடிஸ். மருத்துவரை அந்த மணி நேரமே அழைக்க வேண்டும்.

மருத்துவரிடம் எக்ஸ்ரேவும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் உண்டு. உள்ளெலும்பு சுழன்றிருக்கிறதா, வலி எந்த இடத்தில் என்பதை உறுதியாகச் சொல்ல அவரால்தான் முடியும். ஆனால் அழைத்தால்தானே வருவார்! குளம்படியில் ஆணி ஏறியிருந்தால் மட்டும் கண்டவுடன் பிடுங்கக் கூடாது. அது மூட்டுவரை போயிருக்கிறதா என்பதை, ஆணி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே தெளிவாகக் காட்டும். ஊன்ற ஊன்ற ஆழமாகப் போகும் நிலையென்றால் பிடுங்கலாம். ஏறிய இடத்தையும் சாய்வையும் ஆழத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

லாடம் மாற்றும் நாளில் பராமரிப்பாளர் பக்கத்திலேயே நிற்பது நல்லது. சீவி முடித்து, புது லாடம் ஏறுவதற்கு முன் அடிப்பாகம் முழுதாகத் தெரியும் நேரம் அது ஒன்றுதான். அப்போதே நான்கு குளம்பையும் படம் எடுத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள்.