நாலு மாடு, தினம் ஒரு மூட்டை: ஐந்து கோடையாக ஊறுகாய்ப்புல்

பல்லடம் பக்கம் நாலு கலப்பினக் கறவைகள் வைத்திருக்கிறேன். ஊறுகாய்ப்புல், அதாவது பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் சைலேஜ், போட ஆரம்பித்து இது ஐந்தாவது கோடை.

முதல் வருடம் குழி. ஆறடிக்கு ஆறடி, ஐந்தடி ஆழம். தார்ப்பாய் விரித்து, நறுக்கிய மக்காச்சோளத்தட்டைக் கொட்டி மிதித்து, மண் போட்டு மூடினோம். 45 நாள் கழித்துத் திறந்தபோது அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏஞ்சாமி, இதையா மாடு திங்கும்?" என்றார். மாடுகள் தொட்டியை நக்கித் துடைத்துவிட்டன. ஆனால் பத்தே நாளில் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. தப்பு என் கணக்கில்தான். நாலு மாட்டுக்குத் தினம் 50 கிலோ எடுத்தால் அத்தனை அகலக் குழியில் ஓர் அங்குலம்தான் இறங்கும். காற்று அதைவிட வேகமாக உள்ளே போகிறது. பூஞ்சையைத் தட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாடு இரண்டு நாள் அசை போடாமல் நின்றது. மிச்சம் எருக்குழிக்குப் போனது.

காற்றில்லாத இடத்தில்தான் லாக்டிக் அமில பாக்டீரியா தட்டிலிருக்கும் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 பக்கம் இறங்கியதும் தீவனம் கெடாமல் நின்றுவிடும். காற்றுப் பட்டால் ஈஸ்ட் அந்த அமிலத்தையே தின்றுவிடும், பின்னாலேயே பூஞ்சை வரும்.

அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து மூட்டைதான். 50 கிலோ பிடிக்கிற கனத்த பாலித்தீன் பை, வெளியே சாக்கு. தினம் ஒன்றைப் பிரித்தால் அன்றைக்கே காலி. 90 நாளுக்கு 90 மூட்டை, நாலரை டன். அரை ஏக்கர் ஆப்பிரிக்கன் டால் என்ற தீவன ரக மக்காச்சோளம் தாராளமாகப் போதும். கதிர் பால் மாறி மாவு பிடிக்கும்போது அறுத்து, ஓர் அங்குலத்துக்குள் நறுக்குகிறேன். ஒரு கைப்பிடி அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்துப் பார்ப்பேன். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல விரிந்து, கை மட்டும் ஈரமாக இருந்தால் சரி.

கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஒரு தடவை முயன்றேன். அறுத்த ஈரத்தோடு கட்டியதில் அழுகல் நாற்றம்! அதில் ஈரம் அதிகம், சர்க்கரை குறைவு. மறுமுறை ஒரு நாள் வாடவிட்டு, நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லப்பாகு கரைத்துத் தெளித்தேன். தேறியது. மக்காச்சோளத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. கடையில் தலையில் கட்டிய கல்ச்சர் பாக்கெட்டையும் (புளிக்கவைக்கும் பாக்டீரியா தூள்) பாதி மூட்டைகளுக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மூட்டைக்கு எமன் எலி. ஒரு சின்ன ஓட்டை போதும், அந்த மூட்டையே போச்சு. இப்போது பலகை மேல் அடுக்கி வாரம் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறோம். ஓட்டை கண்டால் உடனே டேப்.

பால் கூடுமா என்று பலரும் கேட்கிறார்கள். என் மாடுகளுக்குக் கூடவில்லை. முன்பு சித்திரையில் வெறும் வைக்கோலைத் தின்று 9 லிட்டர் மாடு 6 லிட்டருக்கு இறங்கும், இப்போது 8 லிட்டரில் நிற்கிறது. அவ்வளவுதான். புண்ணாக்கை நிறுத்திவிடலாம் என்று எண்ணவேண்டாம், மக்காச்சோளத்தட்டில் புரதம் குறைவு.

அப்புறம், கறந்த பிறகுதான் மூட்டையைப் பிரிக்க வேண்டும். முதல் வருடம் கறக்கும்போதே தொட்டியில் போட்டு, பாலில் புளிப்பு வாடை ஏறி, பால் சொசைட்டியில் ஒருநாள் கேனோடு திரும்பி வந்தேன்.