வேலி உயர்ந்தால் ஒரு வாசல், மேடு வெட்டினால் இன்னொரு வாசல்

நுவரெலியாப் பக்கம் காலை பத்து மணிக்குப் பனிமூட்டம் விலகினால் லீக்ஸ் பாத்தியின் நடுவே நிழல் கோடு போட்டாற்போல விழுந்திருக்கும். கோட்டுக்கு அப்பால் தாள்கள் விறைத்து நிற்கும். இப்பால் மண்ணே காயாது. பக்கத்து வீட்டுச் சைப்பிரஸ் வேலி பன்னிரண்டு அடிக்கு எழும்பிவிட்டால் இதுதான் கதி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சண்டை வேறு விதம். ஒருவர் குசினியை (சமையலறையை) பின்னுக்கு இழுத்துக் கட்டுவார், புதுத் தகரத்தில் விழும் மழை அடுத்த காம்பிராவின் (லயத்து வீட்டின்) சுவரை ஊறவைக்கும்.

இப்படி அயலவரோடு முரண்பட்டால் எங்கே போவது? கோபத்தில் கால் முதலில் பொலிசுக்குத்தான் போகிறது. காணித் தகராறு கைகலப்பில் முடியும் என்று தெரிந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பொலிசார் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம். அங்கே கிடைக்கும் கட்டளை, இப்போதைக்கு யார் அனுபவிப்பது என்பதை மட்டுமே சொல்லும். நிலம் யாருடையது என்ற உரித்தைத் தீர்க்கச் சிவில் வழக்கு வேண்டும், அதற்குப் பெரும்பாலும் காணி உறுதிப் பத்திரம் வேண்டும். தலைமுறைகளாக வாழ்ந்தும் நிலம் தம் பெயரில் இல்லாத லயத்து மக்களுக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

வேலிக்கும் கூரைப் பீலித் தண்ணீருக்கும் இணக்கசபையே மேல். இரு தரப்பையும் பேசி இணங்கவைக்க 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. சட்டத்தரணி இல்லாமல் நாமே பேசலாம், மத்தியஸ்தரைத் தெரிவு செய்வதில் நமக்கும் பங்கு உண்டு. நீதிமன்றத்தில் எழுத முடியாத சின்ன விடயங்களை இங்கே எழுதலாம்: வேலி ஆறடியில் நிற்கட்டும், ஆண்டுக்கு இருமுறை வெட்டுவது, கூலி பாதிப்பாதி, வெட்டிய கிளை விறகுக்கு யாருக்கு. அந்த விறகில் ஒரு கட்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டால் பேச்சும் திரும்பிவிடும். எதிராளி இணங்காவிட்டால் வற்புறுத்தச் சபைக்கு அதிகாரம் இல்லை, அது குறைதான். தீர்வு கிட்டவில்லை என்ற சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் மேலே போகலாம்.

ஆனால் குசினிக்காகப் பின்மேட்டை வெட்டுகிறார்கள் என்றால் இணக்கம் பேசி நாளைக் கடத்தாதீர்கள். செங்குத்தாக வெட்டிய செம்மண், அதில் தொங்கும் வேர்கள், மேலே ஒரு நீலத் தார்ப்பாய்: மலையகத்தில் இதைப் பார்க்காதவர் இல்லை. அடைபட்ட கானின் (வடிகாலின்) தண்ணீர் அந்த மண்ணுக்குள்தான் இறங்கும். பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உடனே எழுதுங்கள், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கேட்கப்படுகிறது. அந்தப் பரிந்துரை இருக்கிறதா என்பதே கடிதத்தின் முதல் கேள்வியாக இருக்கட்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. யாரும் குசினி கட்டியதால் வந்த சரிவல்ல அது. ஆனால் எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அதனால்தான் மேட்டைப் பற்றி அயலவர் சொல்லும் ஆட்சேபத்தைப் பொறாமை என்று தள்ளுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

கடிதத்தோடு படமும் வையுங்கள். வெட்டிய இடத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, திகதி தெரிய எடுத்த படம். மேல்வீட்டுச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு கண்டால் பதிலுக்குக் காத்திராமல், மழை பெய்யும் அன்றிரவே இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் வேறிடத்தில் படுக்க வையுங்கள்.