‘உங்க வண்டி 9,500 பவுண்டு இழுக்கும்’ என்று சொல்லி விற்ற ட்ரெய்லர்: கதவு ஸ்டிக்கரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவில் கேம்பிங் ட்ரெய்லர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டீலரிடம் போங்கள். எந்த டீலர் என்று கேட்காதீர்கள். இதே வசனம் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்கியது ஐந்து பேர் குடும்பம். வைத்திருந்தது நான்கு கதவு ஹாஃப்-டன் பிக்கப், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டு (பெட்) உள்ள வண்டி. பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் வைத்த 28 அடி ட்ரெய்லரைக் காட்டி சேல்ஸ்மேன் சொன்னது: "இதோட எடை 5,800 பவுண்டுதான். உங்க வண்டி 9,500 இழுக்கும். இன்னும் 3,700 கையில இருக்கு." கழித்தல் சரிதான். கழிக்க எடுத்த இரண்டு எண்ணுமே இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாதவை.

5,800 என்பது ட்ரை வெயிட். தொழிற்சாலையை விட்டு வரும்போது காலி ட்ரெய்லரின் எடை. இந்த ட்ரெய்லரில் கூடுதலாகப் பொருத்தியவை 350 பவுண்டு. இரண்டு பாட்டரி 100, இரண்டு சிலிண்டரில் கேஸ் 40. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, ஆக 40 கேலன் டேங்க் நிறைந்தால் 334. பாத்திரம், படுக்கை, சாப்பாட்டுச் சாமான், நாற்காலி, ஹோஸ், ஜாக்கி எல்லாம் சேர்த்து 700. மொத்தம் 7,324. ட்ரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடை 7,600. வாங்குமுன் பார்க்க வேண்டியது இந்த 7,600ஐத்தான்.

9,500 பொய் எண் அல்ல. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.ஈ.யின் ஜே2807 என்ற விதிப்படி சோதித்துப் போடுவது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில், 11.4 மைல், ஏ.சி. ஓட, வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் 150 பவுண்டு ஆட்கள் இரண்டே பேர். பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, பெட்டில் ஜெனரேட்டர் இல்லை. போதாததற்கு, விளம்பரத்தில் வருவது அந்த மாடலிலேயே அதிகம் இழுக்கும் எஞ்சின், ஆக்சில் சேர்க்கைக்கான எண். ஆக்சிலின் பல்சக்கர விகிதம் 3.21 உள்ள வண்டிக்கு 3.92 விகித ஆக்சிலின் எண் செல்லாது.

முதலில் தீர்ந்துபோவது இழுவை அல்ல, பேலோட், அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று எழுதியிருக்கும். இந்த வண்டியில் 1,447. ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச் (வண்டியின் பின் கொக்கி) மேல் அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், இந்தக் கணக்கில்தான் விழும். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 என்று வைத்தால் இங்கே 950 பவுண்டு. குடும்பம் 600, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பின்பக்கச் சுமையில் ஒரு பங்கை இரும்புப் பார்களால் முன் ஆக்சிலுக்கும் பகிர்வது) 90, பெட் மூடி 60, ஜெனரேட்டரும் விறகும் கூலரும் 200. கூட்டினால் 1,900. அனுமதிக்கு மேல் 453. பெட்டில் ஒரு துரும்புகூட ஏற்றாமல் போனாலும் 250க்கு மேல் தாண்டுகிறது.

பின்பக்கம் இறங்கி, ஹெட்லைட் மரத்துக்கு வெளிச்சம் அடிக்க, ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆனபோது டீலர் சொன்ன வைத்தியம் ஏர்பேக் (பின் ஸ்ப்ரிங்கோடு வைக்கும் காற்றுப்பை), அதற்குத் தனி பில். ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவே. ஆக்சில், டயர், பிரேக், ஸ்டிக்கர் நான்கும் பழையபடியேதான். மட்டமாக நிற்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்ப வைப்பதுதான் இதில் மோசம்.

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்: சாமானைப் பின்னால் நகர்த்து, சைக்கிள்களைப் பின் பம்பரில் மாட்டு, டங் வெயிட் குறையும். குறையும்தான். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். பக்கத்தில் பெரிய லாரி கடந்தால் போதும். அப்படி ஆடினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரைவர் பக்கத்தில் உள்ள ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள்.

ஹிட்ச்சிலும் கைவரிசை. 950 பவுண்டு டங்குக்கு 600 பவுண்டு பார் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாரின் அளவு அதன் மேலேயே அச்சாகியிருக்கும், குனிந்து பாருங்கள். ரிசீவர், அதாவது ஹிட்ச்சைச் செருகும் வண்டியின் குழாய், அதன் ஸ்டிக்கரையும் படியுங்கள். பல பிக்கப்களில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இல்லாமல் டங் 500 பவுண்டு வரைதான் அனுமதி.

உண்மை தெரிய லாரி ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில் மூன்றும் தனித்தனி மேடையில் நிற்க வேண்டும். எல்லோரும் உள்ளே இருக்க, பயணச் சாமானோடு மூன்று முறை எடை: பார் இறுக்கி ஒன்று, பார் தளர்த்தி ஒன்று, ட்ரெய்லரைக் கழற்றி வண்டி மட்டும் ஒன்று. இரண்டாவது சீட்டின் முன், பின் ஆக்சில் கூட்டலிலிருந்து மூன்றாவது சீட்டின் மொத்தத்தைக் கழித்தால் டங் வெயிட். முதல் சீட்டின் பின் ஆக்சில் எண்ணைக் கதவுத் தூணில் உள்ள பின் ஆக்சில் வரம்போடு ஒப்பிடுங்கள். டங் அழுத்தத்தால் முன் ஆக்சில் இழந்த எடையில் எவ்வளவு பாரை இறுக்கித் திரும்ப வேண்டும் என்பது வண்டி மேனுவலில் இருக்கும். இஷ்டத்துக்கு இறுக்காதீர்கள்.

வாங்குமுன் வீட்டிலேயே போடும் கணக்கு சின்னது. பேலோடிலிருந்து ஆட்கள், சாமான், ஹிட்ச் எடையைக் கழித்து மீதியை 0.13ஆல் வகுங்கள். இந்தக் குடும்பத்துக்கு மீதி 497, வகுத்தால் சுமார் 3,820. ‘9,500 இழுக்கும்’ வண்டிக்கு உகந்தது சாமானோடு 3,820 பவுண்டு ட்ரெய்லர்! 340 பவுண்டு தம்பதி அதே வண்டியில், பெட் மூடியும் இல்லாமல், காலி பெட்டோடு போனால் 7,800 வரை இழுக்கலாம்.

திருப்பிக் கொடுக்கலாமா என்றால், மூன்று நாளில் ரத்து செய்யும் மத்திய விதி டீலரின் கடையிலேயே போட்ட கையெழுத்துக்குப் பொருந்தாது. ‘இழுக்கும் வண்டியின் தகுதியைச் சரிபார்ப்பது வாங்குபவர் பொறுப்பு’ என்ற வரி ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் குடும்பம் ஜெனரேட்டரையும் கூலரையும் ட்ரெய்லர் ஆக்சிலுக்கு மேலே ஏற்றிப் பார்த்தது, விறகை முகாமிலேயே வாங்கிப் பார்த்தது. எடை அப்போதும் அடங்கவில்லை. இப்போது அப்பா தனியாக ட்ரெய்லரை இழுத்துப் போகிறார். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் பின்னால் காரில் வருகிறார்கள்.