ஃபோர்க்லிஃப்டுக்கு ராத்திரி சார்ஜா, டீ நேர சார்ஜா?

கடலூர் சிப்காட் பக்கம் லெட்-ஆசிட் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஷிப்ட் முடிந்ததும் ஒரேயடியாகப் போட்டுவிடுவதா, டீ, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதா?

முதலில் கணக்கு. சாதாரண சார்ஜர் பேட்டரியின் ஒவ்வொரு 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவுக்கும் 16 ஆம்பியர் வரை தரும். கால் மணி நேர டீக்கு அதைச் சொருகினால் 4 சதவீதம்கூடத் தேறாது. இடைவேளை சார்ஜுக்கென்றே வரும் சார்ஜர் 25 ஆம்பியர் தள்ளும். இரண்டு டீ, ஒரு சாப்பாடு சேர்த்து ஒரு மணி நேரம் என்றால் கால்வாசி ஏறும். எட்டு மணி நேரத்தில் 80 சதவீதம் தீர்க்கிற வண்டிக்கு அது இரண்டரை மணி நேர வேலை. லேசுப்பட்டதல்ல.

ஆனால் ராத்திரி சார்ஜுக்கு வேறொரு பலம் உண்டு. 48 வோல்ட் பேட்டரியில் 24 செல். ஒவ்வொன்றும் 2.4 வோல்ட்டைத் தொடும்போது ஏறக்குறைய 80 சதவீதம் நிரம்பியிருக்கும். மிச்சத்துக்குத்தான் மூன்று நான்கு மணி நேரம். வீண் நேரம் என்று தோன்றும். அப்போது கிளம்பும் குமிழிதான் அடியில் தங்கிய கனத்த ஆசிட்டைக் கிளறி மேலே கொண்டுவருகிறது. டீ நேர சார்ஜ் அந்தக் கட்டத்துக்கே போகாது. ஆசிட் அடுக்காக நிற்கும், பிளேட்டில் சல்பேட் இறுகும். ஆகவே வாரம் ஒருமுறை ஈக்வலைஸ், அதாவது எல்லா செல்லும் சமமாக நிரம்பும்வரை நீட்டிப் போடும் சார்ஜ், போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது சூடு. எட்டு மணி ஓட்டம், எட்டு மணி சார்ஜ், எட்டு மணி ஆறுதல் என்பது பழைய முறை. இடைவேளை சார்ஜில் ஆறுதலே கிடையாது. மே மாதத் தகரக் கூரைக்கடியில் ஆசிட் 45 டிகிரியைத் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது. ஆயுள் அங்கேதான் குறையும்.

டிஸ்டில்டு வாட்டர் இரண்டிலும் சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்னாலேயே விளிம்பு வரை ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியும். உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூப்பதே போதாதா?

ஒரு ஷிப்ட் என்றால் என் ஓட்டு ராத்திரிக்கு. இரண்டு ஷிப்ட் ஓடி, மாற்று பேட்டரி வாங்கவும் அதைத் தூக்கி மாற்றக் கிரேன் வைக்கவும் இடமில்லை என்றால் இடைவேளை சார்ஜர் சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து ஈக்வலைஸ் போட யாரிடம் சாவி இருக்கும் என்பதை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.