காசிமேட்டு உப்புக் காற்றில் பத்து வருடம்: என் வேகன் ஆர்

2015-இல் வாங்கிய பெட்ரோல் கார், வடசென்னையில் கடலோரக் காசிமேட்டில் நிற்கிறது. இதுவரை 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இவ்வளவு குறைவாக ஓடின வண்டிக்கு என்ன பெரிய பராமரிப்பு என்று நானும் முதலில் நினைத்தேன். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் என்பார்கள். நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்தேன்.

2018-இல் இடது பின்கதவின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியது. தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாக விடும் ஷெட்டில் மெக்கானிக் அண்ணன் நகத்தால் சுரண்டினார். பெயின்ட்டோடு தகடும் பொடியாக உதிர்ந்தது. "தம்பி, இங்க வண்டி ஓடித் தேயறதில்ல, நின்னே அரிக்குது" என்றார். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றில் ஒன்றை ஈர்க்குச்சியால் குத்திவிட்டார். டீ நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. மண் அடைத்து, உப்பு ஈரம் உள்ளேயே தங்கியிருக்கிறது. டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று நல்ல செலவு.

அன்றிலிருந்து காலண்டர்தான் கணக்கு. மாதம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ், அதுவும் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரில். போர் தண்ணீர் இந்தப் பக்கம் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் கழுவியதற்கே அர்த்தமில்லை. கழுவியதும் கதவு ஓட்டைகளைக் குத்திவிடுவேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தால் ஏசி கண்டென்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் தூசி அப்பிக்கொள்ளும். ஏர் ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் பிளஸ்ஸை முதலில் மாட்டி வாசலின் தடவுவேன். பத்து நிமிட வேலை.

ராயபுரம் மார்க்கெட், பிள்ளைகள் பள்ளி என்று என் ஓட்டமெல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் ஆயிலில் ஈரம் சேரும். அதனால் 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் வருடம் திரும்பினால் ஆயில் மாற்றிவிடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டயரிலும் கட்டையை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் எவ்வளவு தேயாமல் மிச்சம் என்பதை, மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். என் முதல் செட்டில் கட்டை நிறைய இருந்தும், ரப்பர் வெடித்துக் கோடு விட்டதால் மாற்றினேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர் பாதிக் கதவு வரை நின்றது. வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொன்னார். நான் சாவியைத் தொடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனோம். ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி நான்கு நாள் வெயிலில் காயவைத்தோம். எஞ்சின் தப்பியது.

2018-இல் பட்டி போட்ட அந்தக் கதவு ஓரத்தை இப்போதும் ஒவ்வொரு வாஷுக்கும் பிறகு விரலால் தடவிப் பார்க்கிறேன். இன்றுவரை வழவழப்பாகத்தான் இருக்கிறது.